ஆமாம் சாமியின் சொல்லாராய்ச்சி

கோபமாக இருக்கும் ஒருவரை இன்னும் கோபப்படுத்த வேண்டுமானால் என்னைக் கூப்பிடலாம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எங்கே என்றாலும் சேலையூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். கட்டணம் கிடையாது. சிணுங்கும் குழந்தையை அழ வைப்பேன், அழும் குழந்தையை வீறிட வைப்பேன். இரண்டு பேர் சண்டை போடும் இடத்தில் நடுவில் போய் நின்றால் கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒற்றுமையாகிவிடுவார்கள். என்னைத் திட்டுவதில்.

இத்தனைக்கும் என் பிழைப்பே சமாதான வார்த்தைகளில்தான் ஓடுகிறது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகிய ஒரு தாள் இருக்குமே, பூதக்கண்ணாடி வைத்தாலும் பிடிபடாத எழுத்தில்? அதை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிற ஆள் நான். இருமல் மருந்து, வலி எண்ணெய், குழந்தைகளின் வயிற்று உப்புசத்துக்கான சொட்டு மருந்து, சொறி சிரங்குக் களிம்பு என்று எல்லாம் என் கைவழியாகத்தான் தமிழுக்கு வந்தன. வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. பெட்டியைத் திறந்தவுடன் முதலில் குப்பைக்குப் போவது என் எழுத்துதான் என்பதால் விமர்சகர் தொல்லை இல்லாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு களிம்புக்காரர் வந்து அதைக் கெடுத்தார். தோல் எரிச்சலுக்கான களிம்பு. ஆங்கிலத் தாளில் முதல் வரியிலேயே ஒரு வினைச்சொல். அதைத் தமிழ் எழுத்தில் எழுதக் கை கூசுகிறது. ‘சூத்’ என்று எழுதினால் வீட்டில் பெரியவர்கள் பத்திரிகையைப் பிடுங்கிக் கொண்டு போய்விடுவார்கள். அதனால் வடமொழி எழுத்தைத் துணைக்கு வைத்து ‘ஸூத்’ என்றே எழுதுகிறேன். வாசிக்கும்போது நுனிநாக்கைப் பல்லில் ஒட்டிக் கொஞ்சம் நாகரிகமாக உச்சரிக்கவும். நோவையோ அழுகையையோ மெல்லத் தணிப்பது என்று பொருள். நான் அதை ‘இக்களிம்பு தங்கள் சருமத்தைச் சாந்தப்படுத்தும்’ என்று பெயர்த்து அனுப்பியிருந்தேன்.

மறுநாள் போன் வந்தது. “சார், தோல் என்ன சாமியா ஆடுது, சாந்தப்படுத்த?”

நியாயமான கேள்வி. “ஆமாம் சார், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி” என்றேன்.

“சரின்னா ஏன் சார் அப்படி எழுதினீங்க?”

“அதுவும் சரிதான் சார்.”

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, “உங்ககிட்ட பேசினா பிரஷர்தான் ஏறுது” என்று வைத்துவிட்டார். எரிச்சல் குறைக்கும் களிம்பு விற்கிற மனிதருக்கு எரிச்சலூட்டிய பெருமை எனக்கு.

சொந்தப் புத்தி உதவாதபோது அகராதியிடம் போவது என் வழக்கம். போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ஸூத் என்றால் உண்மை. அது பெயர்ச்சொல். அதிலிருந்து கிளைத்த வினைச்சொல்லுக்கு ‘மெய்யென்று நிரூபி’ என்று அர்த்தம். அரிப்பும் கிடையாது, களிம்பும் கிடையாது. கோர்ட் வாசனை அடிக்கிற சொல். வருவது உரைப்பவரை ஆங்கிலத்தில் ஸூத்சேயர் என்பார்கள், உண்மை சொல்பவர் என்று. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஜூலியஸ் சீசரை மார்ச் 15 அன்று ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறாரே ஒரு ஜோசியர், அவர் அந்த வகை. சீசர் கேட்கவில்லை. உண்மை சொன்னவருக்கு அந்தக் காலத்திலேயே அவ்வளவுதான் மரியாதை.

16-ஆம் நூற்றாண்டில் வார்த்தை சறுக்க ஆரம்பிக்கிறது. ‘மெய்யென்று நிரூபி’ என்பது ‘நீ சொல்வது மெய்தான் என்று ஒப்புக்கொள்’ என்றாகிறது. கொஞ்ச நாளில், மெய்யோ பொய்யோ எதிராளி மனம் குளிர ஒப்புக்கொள். இன்னும் கொஞ்ச நாளில், ஜால்ரா அடி. ‘கோரியலேனஸ்’ நாடகத்தில் ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லை இச்சகம் பேசுவது என்ற பொருளில்தான் எடுத்தாள்கிறார். ரோமாபுரியின் பெரிய தளபதி ஒருவன். பதவிக்கு வர ஜனங்களிடம் போய் நாலு நல்ல வார்த்தை பேசி ஆதரவு வாங்க வேண்டும். அவனுக்கு அது மட்டும் வராது. கடைசியில் ஊரைவிட்டே துரத்திவிடுகிறார்கள். நம் பக்கத்தில் வார்டு கவுன்சிலராகக்கூட ஆகியிருக்க முடியாத ஆள்.

17-ஆம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில்தான் வலியைத் தணிப்பது, ஆற்றித் தேற்றுவது என்ற இன்றைய அர்த்தம் வந்து சேருகிறது. உண்மையை நிரூபிப்பதில் தொடங்கி, ஆமாம் போடுவதில் வழுக்கி, முதுகைத் தடவிக்கொடுப்பதில் வந்து உட்கார்ந்த சொல். படித்துவிட்டு அகராதியை மூடி வைத்தேன். என் ஜாதகம் அதில் இருந்தது.

ஆனாலும் ஆராய்ச்சிப் புத்தி விடுமா? அந்த ஸூத்தின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் நம் வீட்டுக் கொல்லைக்கே வந்து சேருகிறது. சமஸ்கிருதத்தில் ‘சத்’ என்றால் இருப்பது. அதிலிருந்து சத்தியம். ஸூத்தும் சத்தும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்று மொழியியல்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ‘இருக்கிறது’ என்று பொருள்படும் அஸ்தியும் அதே குடும்பம். அதிலிருந்து ஆஸ்திகம், அதன் எதிரே நாஸ்திகம். அதாவது திராவிடர் கழகத் தோழர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ‘நாத்திகன்’ என்ற பெயரும், குழந்தை வாயில் ரப்பர் காம்பைத் திணித்துவிட்டு இங்கிலீஷ்காரி சொல்கிற வார்த்தையும் தூரத்துச் சொந்தம். இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன். “அப்படியா, அந்தத் தேங்காயை உடைச்சுக் குடுங்க” என்றாள்.

சத்தியம் நம் வாயில் படும் பாடு தனி. தமிழ்நாட்டில் ஒருவர் ‘சத்தியமா’ என்று ஆரம்பித்தால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையில் அடித்துச் சத்தியம், கற்பூரம் அணைத்துச் சத்தியம், அம்மா மேல் சத்தியம் என்று இத்தனை தினுசு தேவைப்படுவதிலிருந்தே சரக்கின் தரம் தெரிகிறது.

சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசினார். அது உலகத்துக்கே தெரியும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்தக் குடும்பம் இல்லை, இவை தனிக் குடித்தனம் என்று 1816-ல் சென்னையில் உட்கார்ந்து எடுத்துக்காட்டினார் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், சென்னை கலெக்டர். கால்டுவெல் புத்தகம் வர இன்னும் 40 வருஷம் இருந்தது. எல்லிஸ் வேர்ச்சொற்களை வரிசையாக அடுக்கிக் காட்டி வாதாடினார். யாருக்கும் ஆமாம் போடவில்லை. அந்த மனிதர் இன்னொரு காரியமும் செய்தார். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டினார். தமிழ்ப் பாட்டாகவே எழுதிய கல்வெட்டு ராயப்பேட்டை அம்மன் கோயிலில் அதற்குச் சாட்சி. சொல்லையும் தோண்டி, தண்ணீருக்கும் தோண்டியவர். தண்ணீர் விஷயத்தில் என் லட்சணம் பின்னால் வருகிறது.

எல்லிஸ் தனிக் குடித்தனம் வைத்துக்கொடுத்தாலும் ஒரு விஷயத்தில் தமிழும் அதே வழியில்தான் யோசித்திருக்கிறது. உள் என்பதோடு மை சேர்ந்தால் உண்மை. உள்ளது எதுவோ அது உண்மை. பழைய நூல்களில் உண்மைக்கு எதிர்ச்சொல் பொய் அல்ல, இன்மை. இருப்பதே மெய் என்று சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. நான் அன்றாடம் புழங்கும் ‘ஆமாம்’ அப்படிப்பட்ட கனமான சரக்கு இல்லை. ஒரு ஆம் போதாது என்று இன்னொரு ஆம். வாய்க்கு வலிக்காத வார்த்தை.

பிறவியிலேயே நான் ஆமாம் சாமி இல்லை. இளவயதில் உண்மை விளம்பியாக இருந்தவன்தான். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் ஊசிப்போயிருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். ஊசித்தான் போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து இலையில் இருந்தார்கள். அதற்கப்புறம் பெரியப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் இருக்கும் சுவரோடு பேசுவார். உண்மை பேசுவதால் வரும் வருமானம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் கட்சி மாறினேன். 16-ஆம் நூற்றாண்டில் அந்த ஆங்கில வார்த்தைக்கும் ஏதோ ஒரு பந்தியில் இப்படி நடந்திருக்க வேண்டும்.

ஆமாம் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவரிடம் போட்டால் பலிக்கும். இரண்டு பேர் இருந்தால் பலிக்காது. சண்டைக்கோ குறைந்தது இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

தாம்பரம் கிழக்கில் ஷேர் ஆட்டோவில் ஏறியிருந்தேன். கேம்ப் ரோடு போகிற வண்டி. முன்னால் இருந்தவர் இறங்கும்போது 500 ரூபாய்த் தாளை நீட்டினார். ஓட்டுநர் அதைத் தொடவே இல்லை. “காலங்காத்தால 500 குடுத்தா நான் எங்க போறது? ஜிபே பண்ணு.” போனில் சார்ஜ் இல்லையாம். “சில்லறை வெச்சுக்க வேண்டியது உன் வேலை” என்றார் பயணி. குரல் ஏறியது. பின்னால் நிற்கும் பஸ் ஹார்ன் அடிக்கிறது. எல்லோரும் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, நான் தலையை நீட்டினேன்.

“சார் சொல்றதும் நியாயம்தாங்க, சில்லறை இருக்கணும்தான்” என்றேன் ஓட்டுநரிடம். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் பயணியிடம் திரும்பி, “ஆனா காலைல அவர் மட்டும் என்ன பண்ணுவார், பாவம், அவர் சொல்றதும் நியாயம்தானே?” என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பதற்றத்தில் பர்ஸை எடுத்து, “விடுங்க, நானே குடுத்திடறேன்” என்று 20 ரூபாயை நீட்டினேன். பயணிக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் என்ன பிச்சையா கேட்டேன் உன்கிட்ட?” ஓட்டுநரும் சேர்ந்துகொண்டார். “பெரிய மனுசன்னா கம்முனு குந்து சார். நாங்க பேசினுகீறோம் இல்ல?” அவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் சில்லறை மாற்றினார்கள். இறங்கியவர் போகும்போது ஓட்டுநர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கேம்ப் ரோடு வரும் வரை கண்ணாடி வழியாக ஓட்டுநர் என்னை மட்டும் முறைத்துக்கொண்டே வந்தார்.

ஆங்கிலத்தில் அமைதிப்படுத்துவதற்கு வேறு சொல் இல்லாமலா போய்விட்டது? காம் என்று ஒன்று உண்டு, எல்லோருக்கும் தெரிந்தது. அதன் கதை இதைவிட விநோதம். கிரேக்கத்தில் ‘கௌமா’ என்றால் தகிக்கிற வெயில். லத்தீனுக்குப் போய், இத்தாலிய மாலுமிகள் வாயில் புகுந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. உச்சி வெயிலில் காற்று நின்று, ஜனம் நிழல் தேடிப் படுத்துவிட, ஊரே அடங்கிக் கிடக்கிறதே, அந்த நிலைக்குத்தான் காம் என்று பெயர். இதைப் புரிந்துகொள்ளக் கிரேக்கம் போக வேண்டியதில்லை. கத்திரி நாட்களில் மதியம் 2 மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்று பார்த்தால் போதும். நாய்கூட குரைக்காது. குவெல் என்று இன்னொரு வினைச்சொல், கலவரத்தை அடக்குவது என்று செய்தித்தாளில் வரும். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கொல்வது என்று நேரடி அர்த்தம். வெயிலில் காயப்போடு, இல்லாவிட்டால் கொன்றுவிடு. வெள்ளைக்காரன் நம்மை இத்தனை காலம் எப்படி அமைதியாக ஆண்டான் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

சரி, களிம்புக்கு வருவோம். வார்த்தை கிடைத்த இடம் சானடோரியம்.

தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷனுக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர் வந்த காரணம் தினமும் அங்கே இறங்குகிற பலருக்குத் தெரியாது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் பச்சைமலை அடிவாரத்தில் காசநோய்க்காரர்களுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். அதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் இதே மாதிரி ஒன்றை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் உடம்பு முடியாமல் போனபோது கொஞ்ச காலம் அவரிடம்தான் சிகிச்சையில் இருந்தார். காசநோய்க்கு அன்றைக்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தது 1943-ல்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு, இவைதான் வைத்தியம். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதே சானடோரியத்தில்தான் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தது.

எனக்கு முழங்கையில் ஒரு தடிப்பு. களிம்பு விஷயத்தில் தலையிட்ட தோஷம் என்று நினைத்துக்கொண்டு சித்த மருத்துவமனைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். பெருங்களத்தூர்க்காரர். கணுக்காலைத் திருப்பிக் காட்டினார். செதில் செதிலாக உரிந்து, நடுவில் மட்டும் புதுத்தோல் மினுமினுத்தது. “முன்ன ராவெல்லாம் தூக்கம் கிடையாது சார். இவங்க குடுத்த எண்ணெய் போட்டப்புறம் அரிப்பு அடங்கிடுச்சு. இதமா இருக்கு” என்றார்.

அடங்கிடுச்சு. இதமா இருக்கு. வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற நான், வடமொழியிலும் பழைய ஆங்கிலத்திலும் முத்துக்குளித்துவிட்டு வந்து பார்த்தால், இவர் கணுக்காலைத் தடவிக்கொண்டே மொத்த வேலையையும் முடித்துவிட்டார். உள்ளே மருத்துவரும் ‘பித்தம் தணியணும்’ என்றுதான் சொன்னார். பாலை ஆற்றுவார்கள், பசியை ஆற்றுவார்கள், புண் ஆறும், கோபம் ஆறும். ஒளவையார் ஆத்திசூடியில் அறத்துக்கு அடுத்தபடியாகக் கோபத்தைத்தான் ஆறச் சொல்கிறார். எதிலும் ‘நீங்கள் சொல்வது சரி’ என்ற சங்கதியே கிடையாது. சூடு குறைய வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரிடம் நன்றியாக இருந்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். அவர் தொடர்ந்து, பையன் சரியில்லை, கல்யாணத்துக்கப்புறம் ஆளே மாறிட்டான் என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம். “ஆமாங்கய்யா, இந்தக் காலத்துப் பசங்களே அப்படித்தான், பொண்டாட்டி வந்தா அப்பன் தெரியாது” என்றேன். அவருக்கு அந்தப் பக்கம், டோக்கன் சீட்டையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த இளைஞன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். அப்பா ஜாடை அப்படியே.

இனி தண்ணீர்.

எங்கள் அடுக்ககத்தில் 12 வீடுகள். செயலாளர் பதவி சுழற்சி முறையில் வரும். எனக்கு வந்தது மே மாதத்தில். போர்வெல்லில் காற்று வந்துகொண்டிருந்தது. லாரித் தண்ணீர்தான் கதி. லாரி வந்த மறுநாளே சம்ப் காலி. கீழ்த்தளத்து ஓய்வுபெற்ற அதிகாரி, மூன்றாம் மாடிக்காரர்கள் வாஷிங் மெஷினை இரண்டு வேளை ஓட்டுகிறார்கள் என்றார். மூன்றாம் மாடி அம்மா, கீழ் வீட்டுச் சார் தினமும் காருக்கு அபிஷேகம் செய்கிறார் என்றார். இரண்டு பேருக்கும் நான் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் ஆறுதல் குரல்பதிவு அனுப்பினேன். “ஆமாம் சார், மேல இருக்கறவங்களுக்குத் தண்ணியோட அருமை தெரியல.” “ஆமாம்மா, காருக்கு ஊத்தற தண்ணில நாலு குடும்பம் குளிக்கலாம்.” அன்று இரவே இரண்டு பதிவுகளும் அடுக்ககக் குழுவில் அடுத்தடுத்து ஒலிபரப்பாயின. என் குரலில் இருந்த கனிவைக் கேட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள், எனக்கு மட்டும் நாற்காலி இல்லை. திருடன் யார் என்ற விவாதம் போய், செயலாளர் யார் பக்கம் என்ற விவாதம் வந்துவிட்டது. மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி இறங்கி வந்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். “யார் அதிகம் செலவழிக்கிறாங்கன்னு அப்புறம் பேசலாம். தண்ணி எங்க போகுதுன்னு மொதல்ல பாப்போமே” என்றாள்.

அன்று இரவு 11 மணிக்கு வாட்ச்மேனை விட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். பழைய திரைச்சீலைக் கம்பி ஒன்றில் ஸ்கேல் வைத்து, நெயில் பாலிஷால் கோடு கோடாக அடையாளம் போட்டிருந்தாள். மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியில் கம்பியை விட்டாள், டார்ச்சை நான் பிடித்தேன். நேராகப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்கினேன். ஈரம் ஏறிய இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டாள். விடியற்காலை 4 மணிக்கு மறுபடி. ஊரே தூங்குகிற அந்த நேரத்துக்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. யாரும் துணி துவைக்கவில்லை, யாரும் கார் கழுவவில்லை. பிறகு பின்பக்கக் குழாய்ச் சந்துக்குள் நுழைந்து ஒவ்வொரு குழாயாகக் காது வைத்துக் கேட்டாள். ஒரு குழாயில் நின்று கையசைத்து என்னைக் கூப்பிட்டாள். நானும் காது வைத்தேன். உள்ளே விடாமல் ஒரு சலசலப்பு.

இரண்டாம் மாடியில் பூட்டிக் கிடக்கும் வீடு. சொந்தக்காரர் சிங்கப்பூரில். மேடவாக்கத்தில் இருக்கும் அவர் மைத்துனரிடமிருந்து சாவி வாங்கித் திறந்தால், கழிப்பறை ஃப்ளஷ் டேங்கில் மிதவை உடைந்து, பீங்கானோடு ஒட்டியபடி சத்தமில்லாமல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. ஆளே இல்லாத வீடு எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் செலவழித்திருக்கிறது. பிளம்பர் 350 ரூபாய் வாங்கினார். அவள் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள், ஒரு வார்த்தை எழுதாமல். அரைமணி நேரத்தில் கீழ்த்தளத்து அதிகாரி மூன்றாம் மாடிக்கு மாம்பழம் கொடுத்தனுப்பினார். மூன்றாம் மாடியிலிருந்து பாயசம் இறங்கியது. எங்கள் வீட்டுக்கும் ஒரு டம்ளர் வந்தது. “டீச்சருக்கு” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மெய்யென்று நிரூபிப்பது, அதில் மனம் தணிவது. வார்த்தையின் தலையையும் வாலையும் ஒரே ராத்திரியில் கம்பியும் நெயில் பாலிஷும் வைத்து இணைத்துவிட்டாளே. நடுவில் இருக்கிற ஜால்ரா நூற்றாண்டை அவள் தொடவே இல்லை. “நீ பண்ணினதுக்குப் பழைய இங்கிலீஷ்ல என்ன பேர் தெரியுமா?” என்று ஆரம்பித்து அந்தச் சொல்லைச் சொன்னேன்.

“வீட்டுக்குள்ள கெட்ட வார்த்தை பேசாதீங்க” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

களிம்புத் தாளைத் திருத்தி அனுப்பினேன். ‘எரிச்சல் அடங்கும். இதமாக இருக்கும்.’ களிம்புக்காரரிடமிருந்து போன். இது நல்லாருக்கு சார், ஆனா முன்னே 4 வார்த்தை இருந்தது, இப்பவும் 4 வார்த்தைதான் வருது, பில்லில் மட்டும் திருத்தக் கூலின்னு தனியா போட்டிருக்கீங்களே, இது நியாயமா என்றார். நியாயம் இல்லைதான் சார் என்று சொல்லிவிட்டேன். கழித்துக்கொண்டு அனுப்பினார்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டாள். என்ன கேள்வி என்று காதில் விழும் முன்பே ஆமாம் என்று சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் அவள் சித்தப்பா மகன் வீட்டுக் கிரகப்பிரவேசமாம். முகூர்த்தம் காலை நாலரைக்கு. பால் காய்ச்சும்போது நாம்தான் முதலில் நிற்க வேண்டுமாம்.